நடுவில் நிற்பது

பின்னறையில் உட்கார்ந்து வேலை செய்துகொண்டிருந்தவளின் ஹெட்போனில், பேசிக்கொண்டிருந்த மனிதரின் குரல் தண்ணீருக்குள் இறங்கியதுபோல் மங்கி, துண்டு துண்டாகி, நின்றது. மதியச் சாப்பாடு முடிந்து தெரு அடங்கியிருந்த நேரம். நெட் போய்விட்டதோ என்று பார்த்தாள். போகவில்லை. திரையின் மூலையில் வில் வில்லாக அடுக்கியிருக்கும் வைஃபை குறியில் அடிப்புள்ளியும் ஒரே ஒரு வில்லும் மட்டும் மிச்சமிருந்தன. அது அணையவும் இல்லை, ஏறவும் இல்லை. விளக்குக்கு முன்னால் ஒருவர் வந்து நின்றால் எதிர்ச்சுவரில் நிழல் விழுமே, அதுபோல விழுந்து, அப்படியே நின்றது. கொஞ்ச நேரம் கழித்து நிழல் நகர்ந்துகொண்டது. எல்லா வில்லும் திரும்பி வந்தன. ஹெட்போனில் அந்த மனிதர் எதையோ சொல்லி முடித்திருந்தார். எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

அவளுடைய வேலைக்கு நெட்தான் மூச்சு. காது கேளாதவர்கள் கலந்துகொள்ளும் வகுப்புகளிலும் அலுவலகக் கூட்டங்களிலும் நடக்கிற பேச்சை வீட்டிலிருந்தே கேட்டு, கேட்ட கையோடு தட்டச்சு செய்து அனுப்புவாள். எங்கோ ஒருவர் பேசி வாயை மூடுவதற்குள் அவள் விரல்கள் அதை எழுத்தாக்கி அவர்கள் திரையில் வைத்துவிடும். நடுவில் அறுந்தால், எல்லோரும் சிரிக்கிற அறையில் ஒருவர் மட்டும் எதற்கென்று தெரியாமல் மற்றவர்கள் வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

வீடு அக்காவுடையது. அம்மா போன பிறகு அவளை வளர்த்தது அக்காதான். ரோட்டைக் கடக்கும்போது வண்டி வருகிற பக்கம் தான் நின்றுகொண்டு தங்கையை உள்பக்கமாக இழுத்து விடுவாள். தங்கைக்கு முப்பது தாண்டிய பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை. அக்காவுக்குக் குழந்தை பிறந்து, அது தவழத் தொடங்கிய சமயத்தில் அவளும் அத்தானும் ஊரின் இன்னொரு மூலையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்புக்குப் போனார்கள். பழைய வீட்டைப் பிறருக்கு வாடகைக்கு விட அக்காவுக்கு மனசில்லையாம். "நீ ஏன் சிட்டு அந்த ஹாஸ்டல்ல நாலு பேரோட இடிபட்டுட்டுக் கிடக்கறே, நம்ம வீட்டுக்கே வந்துடு" என்றாள். தங்கைக்குத் தலைகால் புரியவில்லை. கல்யாணப் பேச்சையெல்லாம் எப்போதோ ஓரம் கட்டிவிட்டவளுக்கு, தனக்கென்று கதவு சாத்திக்கொள்ள ஓர் அறை கிடைப்பதைவிட வேறென்ன வேண்டும்? அக்கா ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். ராத்திரி வீட்டைப் பூட்டிவிட்டு வெளியே தங்காதே, ஆள் இல்லாத வீடு சீக்கிரம் கெட்டுப்போகும் என்று.

முன்கூடத்தில், வாசல் கதவை ஒட்டிய அலமாரியின் மேல் மோடம். அங்கிருந்து ஒரு நீண்ட நடைவழி. அதன் ஒரு பக்கம் வெறும் சுவர், மறுபக்கம் குளியலறையும் அக்கா அத்தானின் காலிப் படுக்கையறையும். நடைவழி முடிகிற இடத்தில் அவளுடைய வேலை அறை. மேசையை ஜன்னலைப் பார்த்துப் போட்டிருந்தாள். முதுகு கதவைப் பார்த்திருக்கும்.

மறுநாளும் மதியம் அதே மாதிரி நிழல் விழுந்தது. அதற்கடுத்த நாளும். வாரம் முடிவதற்குள் அலுவலகத்திலிருந்து மேற்பார்வையாளர் கூப்பிட்டுவிட்டார். நல்ல மனிதர்தான், குரலை உயர்த்தவில்லை. புகார் வந்திருக்கிறது, வீட்டு நெட்டைச் சரி செய்துகொள்ளுங்கள், இல்லையென்றால் உங்கள் வகுப்புகளை வேறொருவருக்கு மாற்ற வேண்டியிருக்கும் என்றார்.

நெட் கம்பெனியின் உதவி எண்ணுக்கு அடித்தாள். எடுத்த பெண் தூக்கத்தில் பேசுவதுபோல் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்தாள். மோடத்தை அணைத்துப் போட்டீர்களா, பக்கத்தில் மைக்ரோவேவ் அடுப்பு இருக்கிறதா, மீன்தொட்டி இருக்கிறதா. பிறகு, தன் பக்கம் பார்த்தால் மோடத்தில் ஒரு குறையும் இல்லை என்று சொன்னாள்.

"வீட்ல இருக்கறவங்களைக் கொஞ்சம் நடுவுல நிக்க வேண்டாம்னு சொல்லுங்க மேடம். மனுஷ உடம்புல பாதிக்கு மேல தண்ணி. சிக்னலைக் குடிச்சிரும்."

"வீட்ல நான் மட்டும்தான் இருக்கேன்."

மறுமுனையில் விசைப்பலகை தட்டும் சத்தம் நின்றது. பிறகு, அப்படியென்றால் மோடத்தை இடம் மாற்றி வையுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

அவள் மோடத்தைக் கூடத்தின் எதிர் மூலைக்கு மாற்றினாள். இரண்டு நாள் சிக்னல் பளிங்குபோல் இருந்தது. மூன்றாம் நாள் மதியம் நிழல் விழுந்தது. அது புது இடத்தைக் கண்டுபிடித்து வந்து நின்றதுபோல் இருந்தது என்று தோன்றியபோது, அவளுக்குத் தன்மேலேயே சிரிப்பு வந்தது. சத்தம் போட்டுச் சிரித்தாள். நடைவழியில் அந்தச் சிரிப்பு போய்த் திரும்பி வந்தவிதம் பிடிக்கவில்லை. சட்டென்று நிறுத்திக்கொண்டாள்.

எதையும் அளந்து பார்த்துவிட்டால் பயம் போய்விடும் என்று நம்புகிற ஆள் அவள். சிக்னலின் ஏற்ற இறக்கத்தைக் கோடாக வரைந்து காட்டும் ஒரு செயலியைக் கம்ப்யூட்டரில் போட்டாள். ஒரு காலை நேரம், வகுப்பு இல்லாதபோது, தானே நடைவழியில் ஒவ்வோர் இடமாகப் போய் நின்றுவிட்டு வந்து கோட்டைப் பார்த்தாள். நடைவழியின் பாதியில் நின்றால் கோடு கொஞ்சம் பள்ளமானது. அறைக் கதவை நெருங்க நெருங்கப் பள்ளம் ஆழமானது. அறை வாசற்படியில் நின்றால் இன்னும் ஆழம். தன் நாற்காலிக்குப் பின்னால், கம்ப்யூட்டரின் மேல் குனிந்தபடி நின்றால், கோடு அடித்தரைக்கே போய்விட்டது. அவ்வளவுதான், உடம்பு நின்றால் கோடு இறங்குகிறது. கணக்கு சரியாக இருந்தது. நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதி மதியம் வரைக்கும்தான் தாங்கியது.

மதியம் கோடு இறங்கியது. நடைவழியின் பாதியில் அவள் நின்றபோது எவ்வளவு இறங்கியதோ, அதே அளவு.

அவள் கையை விசைப்பலகையிலிருந்து எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள். ஜன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டுக் கொடியில் ஒரு சட்டை வெயிலில் ஆடிக்கொண்டிருந்தது. தலைக்கு மேல் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. வீட்டுக்குள், நிழலில் உலர்த்திய துணியின் வாசனை லேசாக வந்தது. அவள் அன்றைக்குத் துவைக்கவே இல்லை. எழுந்தாள். கதவைத் திறந்தாள். நடைவழி காலியாக இருந்தது. கூடத்து ஜன்னல் வெளிச்சம் தரையில் நீளமாகக் கிடந்தது, அதில் தூசி மிதந்தது, ஒரு காலடி பட்டதற்கான அசைவுகூட இல்லை. திரும்பிப் பார்த்தபோது கோடு ஏறியிருந்தது. கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தாள். கோடு இறங்கியது.

அடுத்த சில நாட்களில் பள்ளம் ஆழமாகிக்கொண்டே வந்தது. கதவருகே வந்துவிட்டது. வாசற்படிக்கு வந்தது.

அக்காவிடம் சொன்னாள். பயமாக இருக்கிறது என்று சொல்லவில்லை. சிரித்துக்கொண்டே, மதியமானால் யாரோ நடுவில் வந்து நிற்கிற மாதிரி சிக்னல் விழுகிறது அக்கா, மோடத்தை மாற்றினாலும் கூடவே வருகிறது என்று சொன்னாள். போனில் குழந்தை ஏதோ பொம்மையைத் தரையில் தட்டிக்கொண்டிருப்பது கேட்டது. அந்தச் சத்தம் நின்றது. குழந்தையை அக்கா தூக்கியிருக்க வேண்டும்.

"வயர் போட்டுடு" என்றாள் அக்கா.

"ஒரு கம்ப்யூட்டருக்கா அவ்வளவு தூரம்? நடைவழி முழுக்க இழுத்துட்டு வரணுமே."

"நானே ஆள் அனுப்பறேன். வயர் போட்டுட்டா அதெல்லாம் தெரியாது சிட்டு."

பேச்சு அதோடு முடிந்தது. வீட்டில் யாராவது இருக்கிறார்களா என்று அக்கா கேட்கவில்லை. கதவெல்லாம் பூட்டியிருக்கிறதா என்று கேட்கவில்லை. அடுப்பில் பால் வைத்துவிட்டு வந்தாயா என்று தினம் நாலு தடவை கேட்கிற அக்கா. அன்றைக்கு அதை அவள் கவனிக்கவில்லை. அக்கா சொன்ன பிறகு கவலைப்படுவதற்கு ஒன்றுமில்லை என்றே எப்போதும் இருந்து பழகியவள்.

மறுநாளே வயர் போடுகிறவர் வந்தார். வாயில் ஆணிகளைக் கவ்விக்கொண்டு பேசுகிற ஆள். நடைவழிச் சுவரின் அடியோரமாக ஒரு வெள்ளை வயரை அடித்துக்கொண்டே வந்து, கதவுக்கடியில் விட்டு, கம்ப்யூட்டரில் சொருகினார். அவள் கதவை முழுதாகச் சாத்த முடியுமா என்று கேட்டாள். முடியும், ஆனால் வயர் நசுங்காமல் இருக்க ஒரு விரல் அளவு திறந்தே இருக்கட்டும் என்றார். கிளம்பும்போது, "இனிமே நடுவுல யாரு நின்னாலும் உங்களுக்குக் கவலையில்லம்மா" என்று சொல்லி, தான் சொன்ன ஜோக்குக்குத் தானே சிரித்தார்.

உண்மையிலேயே கவலையில்லாமல் போனது. குரல்கள் கண்ணாடி மாதிரி வந்தன. ஒரு மதியம்கூட அறவில்லை. மேற்பார்வையாளர் பாராட்டி நாலு வரி அனுப்பினார். காது கேளாத ஒரு மாணவி, இன்றைக்குத்தான் எல்லா ஜோக்குக்கும் நேரத்தோடு சிரித்தேன் என்று எழுதியிருந்தாள். அதைப் படித்துவிட்டு அன்று மாலை அவள் கூடத்தில் பாட்டுப் போட்டுக்கொண்டு வீடு பெருக்கினாள். இத்தனை நாள் ஒரு வில் குறைந்ததற்கும் கூடியதற்கும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தோமே என்று வெட்கமாக இருந்தது.

துணி வாசனை மட்டும் போகவில்லை. போகவில்லை என்பதைவிட, பழகிவிட்டது. சில மதியங்களில் கழுத்தின் பின்புறம் குளிர்ந்தது. மின்விசிறிக் காற்று என்று நினைத்துக்கொண்டாள். ஒரு நாள் மின்சாரம் நின்று விசிறி ஓய்ந்தது. கழுத்தில் குளிர் நிற்கவில்லை.

அப்போதுதான் அக்கா சொன்ன வாக்கியம் அவளுக்குள் திரும்ப ஓடியது. நாள் முழுக்க மற்றவர்கள் பேச்சைச் சொல் பிசகாமல் எழுதுகிறவள் அவள். காதில் விழுந்தது அப்படியே இருக்கும். வயர் போட்டுவிட்டால் அதெல்லாம் இருக்காது என்று அக்கா சொல்லவில்லை. தெரியாது என்றாள்.

மின்சாரம் வந்ததும் மோடத்துக்கு உயிர் வந்தது. அன்றைய வகுப்பு தொடங்க இன்னும் நேரமிருந்தது. வயரைப் பிடுங்கவில்லை. வயர் இருந்தபடியே இருக்க, கம்ப்யூட்டரில் அணைத்து வைத்திருந்த வைஃபையை மட்டும் போட்டாள். கோடு வரையும் செயலியைத் திறந்தாள்.

கோடு அடியில் இருந்தது.

இறங்கி வரவில்லை. தொடக்கத்திலேயே அங்கேதான் இருந்தது. தரையோடு தரையாக. அசையாமல்.

மோடம் கெட்டுவிட்டது என்று நினைக்கப் பார்த்தாள். முடியவில்லை. அந்த அளவு அவளுக்குத் தெரியும். நடைவழியில் அந்த அளவு வராது. வாசற்படியில் வராது. ஒரே ஓர் இடத்தில் நின்றால்தான் வரும். தானே நின்று பார்த்திருக்கிறாள்.

நாற்காலிக்குப் பின்னால். குனிந்தபடி.

அவள் திரும்பவில்லை. திரையில் கறுப்பான ஓரத்தில் தன் முகம் மங்கலாகத் தெரிந்தது. அதைத் தாண்டிப் பார்க்காமல் கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். மூச்சு விட்டாள். மூச்சை நிறுத்தினாள். விசிறி. வெளியே ஏதோ வண்டி. எத்தனை நாளாக? வயர் போட்ட நாளிலிருந்தா? அந்த மாணவி சிரித்த அன்று? கோடு நகரவில்லை. நாற்காலியைப் பின்னுக்குத் தள்ள அவளுக்குத் தைரியம் வரவில்லை; தள்ளினால் எதன்மேலாவது இடிக்குமோ என்றுதான் பயம். பக்கவாட்டில் சரிந்து, தரையில் முழங்கால் ஊன்றி, சுவரோடு ஒட்டிக்கொண்டு, கண்ணை வயர்மேல் மட்டும் வைத்துத் தவழ்ந்தே வெளியே வந்தாள். கூடத்துக்கு வந்த பிறகுதான் எழுந்து நின்றாள். கையில் கிடைத்த செருப்பை மாட்டினாள். கதவைப் பூட்டினாளா என்பதே பிறகு நினைவில்லை.

பஸ்ஸில் போகும் வழியெல்லாம் அவள் ஒன்றையேதான் பிடித்துக்கொண்டிருந்தாள். அக்காவிடம் போய்விட்டால் போதும். அக்கா வாய் தவறிச் சொல்லியிருப்பாள். அக்காவுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது.

அக்கா மூன்றாம் மாடியில் இருந்தாள். கதவைத் திறந்தவள் தங்கையின் முகத்தைப் பார்க்கவில்லை. தோளுக்குப் பின்னால் மாடிப்படியைப் பார்த்தாள். பிறகு விடுவிடுவென்று உள்ளே திரும்பி, சமையலறை மேடையில் சாய்த்து வைத்திருந்த ஒரு சின்னத் திரையைப் பார்த்தாள். அதற்குப் பிறகுதான், "வா" என்றாள். அதே மூச்சில், "எப்ப திரும்பிப் போகணும் நீ?" என்றாள்.

தண்ணீர் கேட்க வாயெடுத்தவள் கேட்காமல் சமையலறைக்குள் போனாள். திரையில் உள்ளறைத் தொட்டிலும், அதில் தூங்குகிற குழந்தையும் தெரிந்தன. தொட்டிலுக்கு மேல் மாட்டியிருந்த கேமரா அனுப்புகிற படம். கேமராவுக்கு வயர் எதுவும் இல்லை. படத்துக்குக் கீழே, திரையின் பாதி அகலத்துக்கு, ஒரு கோடு ஓடிக்கொண்டிருந்தது. அவள் கம்ப்யூட்டரில் ஓடுகிற அதே கோடு. அதே செயலி. நேராக, உயரமாக, ஒரு பள்ளமும் இல்லாமல்.

தனக்கு வயர் போடச் சொல்லிவிட்டு அக்கா வைஃபையில் இருக்கிறாள். எதற்கென்று அவளுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. தெரிய வேண்டியவர்களுக்கு வைஃபை. தெரியக் கூடாதவர்களுக்கு வயர்.

அக்கா நாற்காலியில் உட்கார்ந்து, கையை மடியில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். மறைக்கப் பார்க்கவில்லை. குழந்தை பிறந்து சில மாதத்தில், அந்த வீட்டில் தொட்டிலுக்கு மேல் இந்தக் கேமராவை வைத்தார்களாம். மதியமானால் படம் உடைந்து உடைந்து போகுமாம். கேமராவை மாற்றினார்கள், மோடத்தை மாற்றினார்கள். படம் உடைகிற நேரத்தில் எல்லாம் குழந்தை அழுகையை நிறுத்திவிடும். அக்கா ஓடிப்போய்ப் பார்த்தால், குழந்தை விழித்தபடி, மேலே எதையோ பார்த்துக்கொண்டு கிடக்கும். யாரோ சமாதானம் செய்துவிட்டுப் போன மாதிரி. அத்தானுக்கும் தெரியுமாம். அந்த மாதமே வீட்டைப் பூட்டிவிட்டு இங்கே வந்துவிட்டார்கள். சாமான்களைப் பிரித்து முடிப்பதற்குள் இங்கேயும் கோடு இறங்கியது.

"ஆள் இல்லாத வீட்டுல அது இருக்காது. அந்த வீட்டுல இருந்தவங்க எங்கே இருக்காங்களோ அங்கே வந்துடும்" என்றாள் அக்கா. "நீ அந்த வீட்டுக்கு வந்த அன்னிக்கு இங்கே கோடு ஏறுச்சு. அப்புறம் இறங்கவே இல்ல."

"அதனால என்னை வெச்சே."

அக்கா மடியில் கிடந்த தன் கையைப் பார்த்தாள்.

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்."

"சொன்னா வந்திருப்பியா?"

வந்திருப்பேன் என்றுதான் அவளுக்குத் தோன்றியது. அக்கா கண்ணில் தண்ணீரோடு வந்து கேட்டிருந்தால், குழந்தைக்காக என்று சொல்லியிருந்தால், ஒருவேளை பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தேயிருப்பாள். கேட்கக்கூட வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறார்கள். அக்காவும் அத்தானும் இந்த வீட்டில்தான் உட்கார்ந்து, யாரை வைக்கலாம் என்று பேசியிருப்பார்கள். அவள் பெயர் வந்ததும் வேறு பெயரைத் தேடியிருக்க மாட்டார்கள்.

"எனக்குக் குழந்தை இருக்கு சிட்டு" என்றாள் அக்கா மெதுவாக. "உனக்கு..."

மேலே சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதை அவள் தன் வழக்கப்படி மனசுக்குள் எழுதி முடித்தாள். பின்னறையில் நாற்காலியை விட்டுச் சரிந்தபோது இருந்த பயம்கூட இப்போது பரவாயில்லை என்று இருந்தது. அதை வைத்துக்கொண்டு ஓடி வர ஓர் இடமாவது இருந்தது.

வெயில் சாய்ந்து பால்கனிக் கம்பிகளின் நிழல் கூடத்துக்குள் வந்திருந்தது. அக்கா, இருட்டுவதற்குள் கிளம்பினால் நல்லது, அத்தானை வண்டியில் கொண்டுபோய் விடச் சொல்கிறேன் என்றாள். ஏதோ உறவினர் வீட்டுக்கு வந்துபோகிறவளிடம் சொல்வதுபோல.

"நான் அங்கே போக மாட்டேன்" என்றாள் அவள். "இங்கேதான் இருக்கப் போறேன்."

அக்கா கெஞ்சினாள். ஒரு வாரம் மட்டும் என்றாள். வேறு யாரையாவது பார்க்கிறோம், அதுவரைக்கும் என்றாள். கையைப் பிடித்தாள். அந்தக் கையை அவள் உதறவில்லை, பிடிக்கவும் இல்லை. அப்படி இருக்கும்போதே அக்காவின் பிடி தளர்ந்தது. அக்கா அவளைப் பார்க்கவில்லை. திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கோடு இறங்கிக்கொண்டிருந்தது.

மெதுவாக. கொஞ்சம். இன்னும் கொஞ்சம். தொட்டில் படம் கட்டம் கட்டமாக உடைந்தது. உடைந்த கட்டங்களுக்கு நடுவில் குழந்தை விழித்திருந்தது. அழவில்லை. நிழலில் உலர்ந்த துணியின் வாசனை கூடத்துக்குள் வந்தது.

அக்கா ஓடினாள். குழந்தையை வாரி எடுத்துக்கொண்டு திரும்ப வந்தாள். கூடத்தைக் கடக்கும்போது சுவரோரமாக, நடுவில் யாரோ நிற்கிறார்கள் என்பதுபோல் ஒதுங்கிப் போனாள். வாசலில் ஒரு கணம் நின்று தங்கையைப் பார்த்தாள். இந்த முறை முகத்தைத்தான் பார்த்தாள். அவளும் எழுந்து ஓர் அடி வைத்தாள், தன்னையும் கூட்டிக்கொண்டு போகத்தான் அக்கா நிற்கிறாள் என்று.

கதவு மூடியது. வெளியே தாழ்ப்பாள் விழுந்தது. பூட்டு.

அவள் கதவைத் தட்டவில்லை. உள்ளங்கையைக் கதவின்மேல் வைத்துக்கொண்டு நின்றாள். மறுபக்கம் அக்காவின் மூச்சு கேட்டது.

"ஒண்ணும் பண்ணாது சிட்டு" என்றது அக்காவின் குரல். "நிக்கும். அவ்வளவுதான்."

பிறகு காலடிச் சத்தம். வேகமாக. கீழே, கீழே.

சமையலறையில் திரை சின்னதாக ஒரு சத்தம் எழுப்பி அணைந்தது. அவள் திரும்பிப் பார்க்காமல், சுவரைத் தடவிக்கொண்டே பால்கனிக்குப் போனாள். கம்பியைப் பிடித்துக்கொண்டாள். வெயில் பட்டும் கம்பி சூடாக இல்லை.

கீழே தெருவில் அக்கா தெரிந்தாள். காலில் செருப்பில்லாமல், குழந்தையைத் தோளில் சாய்த்துப் போட்டுக்கொண்டு, நிமிர்ந்து பார்க்காமல் நடந்துகொண்டிருந்தாள். குழந்தையின் முகம் அக்காவின் முதுகுப் பக்கம் பார்த்திருந்தது. அது மேலே பார்த்துச் சித்தியைக் கண்டுகொண்டது. இப்போதுதான் கற்றுக்கொண்ட டாட்டா அது. மணிக்கட்டு மடியாமல் கை முழுவதையும் ஆட்டியது. என்ன செய்கிறோம் என்று தெரியாமலே அவளும் கம்பியிலிருந்து ஒரு கையை எடுத்து ஆட்டினாள். பதில் கிடைத்ததும் குழந்தை சிரித்தது. கையைக் கீழே விட்டது.

பிறகு கண்ணைச் சற்றே நகர்த்தி, அவளுக்குப் பக்கத்தில், அவள் தலையைவிடக் கொஞ்சம் உயரத்தில் பார்த்து, மறுபடி கையை ஆட்டியது.

ஆட்டிவிட்டுக் காத்திருந்தது.

சிரித்தது.